குழியாடியின் எடை

அந்தப் பெட்டியை அவர் மார்போடு அணைத்தபடி மாடிப்படி ஏறி வந்தார். எங்கள் அலுவலகம் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. விமானத்திலும் கப்பலிலும் சரக்கு அனுப்பிவைக்கும் சின்ன நிறுவனம். குடும்பத்தோடு ஊர் திரும்புகிறவர்களின் சாமான்கள், புடவைக் கடைகளின் பொதிகள், இயந்திர உதிரிகள் என்று எல்லாவற்றுக்கும் தாள் தயாரிப்பது என் வேலை. திருச்சியிலிருந்து வந்து, அப்போது ஆறு வருடமாக அதைச் செய்துகொண்டிருந்தேன்.

அவரை எனக்கு முகப் பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசையில் பார்த்திருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர். சாங்கி விமான நிலையத்தில் விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர். வீட்டுக்குப் பக்கத்தில் புக்கிட் பாஞ்சாங்கில் ரயில் ஏறி, இறங்கும் வரை பெட்டியை மடியிலேயே வைத்திருந்ததாகச் சொன்னார்.

"கண்ணாடிம்மா. எங்க அக்கா திண்டுக்கல் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல பிசிக்ஸ் டீச்சர். பசங்க டெலஸ்கோப் செய்யறாங்க. அதுக்கு."

"சரிங்க சார்" என்று சொல்லி, பொருள் விவரத்தில் 'கண்ணாடிப் பொருள், ஒன்று' என்று தட்டினேன். சுங்கத்துக்கு விலை கேட்டேன். கண்ணாடி வட்டை வாங்கிய விலையைச் சொன்னார். அந்தத் தாளில் இன்னொரு கட்டமும் உண்டு. வழியில் பொருளுக்கு ஏதாவது ஆனால் எந்த மதிப்பை வைத்துக் கணக்கிடுவது என்று விமான நிறுவனத்துக்கு அறிவிக்கும் கட்டம். அதில் எப்போதும் போடும் மூன்று எழுத்தைப் போட்டேன். 'மதிப்பு அறிவிக்கப்படவில்லை' என்பதன் சுருக்கம் அது. ஆயிரக்கணக்கான தடவை போட்டிருப்பேன். விரலே போட்டுவிடும்.

"இன்சூரன்ஸ் ஏதும் போடணுமாம்மா?"

தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார். கவலைப்படாதீங்க."

அவர் கையெழுத்துப் போட்டு நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுபடி அவர் வந்தபோது கையில் தொலைபேசி மட்டும்தான். மதிய நேரம், கூட்டமில்லை. ஒரு படத்தைக் காட்டினார். மேசைமேல் விரித்த போர்வையில் வட்டமான தடித்த கண்ணாடி. ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை வளைந்து ஓடிய வெடிப்பு அதை ஒரு பெரிய துண்டும் ஒரு சின்னத் துண்டுமாக்கியிருந்தது. படத்தின் மூலையில் பள்ளிச் சீருடைக் கைகள் தெரிந்தன.

பெட்டி நேரத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் பள்ளிக்கு விடுமுறை. பிள்ளைகள் முன்னால்தான் திறக்க வேண்டும் என்று அவருடைய அக்கா பெட்டியை வீட்டிலேயே வைத்திருந்து, பள்ளி திறந்த அன்று எடுத்துப் போயிருக்கிறார்.

"ரொம்ப சாரி சார்" என்றேன். அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க ஒடைஞ்சதுன்னு தெரிஞ்சுக்கணும்மா. ஒன்பது மாசம் தேய்ச்சேன். எந்த இடத்துல போச்சுன்னாவது தெரியணும்."

தேய்ப்பதா என்று கேட்டேன். கடையில் வாங்கிய கண்ணாடி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் விளக்கினார். ஒரு கண்ணாடி வட்டைக் கீழே வைத்து, ஈரமான தேய்ப்புத் தூள் போட்டு, இன்னொரு வட்டை அதன்மேல் முன்னும் பின்னுமாகத் தள்ள வேண்டும். நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாயை மேசையாக வரவேற்பறையில் வைத்து, அதைச் சுற்றி நடந்துகொண்டே தள்ளுவாராம். மேல் கண்ணாடி குழியும், கீழ்க் கண்ணாடி மேடாகும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மெருகு. கடைசியில் வெளியே கொடுத்து அலுமினியப் பூச்சு. பள்ளிப் பாடத்தில் குழியாடி என்று வரைந்து அம்புக்குறி போட்டது நினைவுக்கு வந்தது. அதை ஒருவர் கையால் செய்வார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவர் சட்டைப்பையிலிருந்து நகலை எடுத்து விரித்து, பின்பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் எறும்பு வரிசை போன்ற எழுத்து, இரண்டு பத்தியாக.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

"எங்க டெர்ம்ஸ் சார். இந்தத் தொழில்ல எல்லாரும் ஏறக்குறைய இதேதான் போடுவாங்க."

"அது சரி. என்ன எழுதியிருக்கு?"

ஆறு வருடத்தில் அந்தப் பக்கத்தை நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை. அதை அவரிடம் மறைக்க வெட்கமாக இருந்தது. "படிச்சதில்ல சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "நானும்தான் படிக்காமயே கையெழுத்துப் போட்டேன். வா, ரெண்டு பேரும் படிப்போம்."

நகல் இயந்திரத்தில் வைத்து எழுத்தைப் பெரிதாக்கினேன். நான் ஆங்கிலத்தில் ஒரு வரி படித்துத் தமிழில் சொல்வேன், அவர் கேள்வி கேட்பார். முதலில், நாங்கள் யார் என்பதே புதிராக இருந்தது. சில வேலைகளில் நாங்கள் வாடிக்கையாளரின் ஏஜண்டு மட்டும்தான்; அவர் சார்பில் இன்னொருவரிடம் ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். வேறு சில வேலைகளில் கொண்டுசேர்க்கும் பொறுப்பை நாங்களே ஏற்றவர்களாகிறோம். "அப்ப என் பெட்டிக்கு நீங்க யாரு?" என்றார். எங்கள் பெயரிலேயே தாள் கொடுத்திருந்ததால் பொறுப்பு எங்களுடையது என்று எனக்குத் தோன்றியது. உறுதியாகத் தெரியவில்லை. அதையும் சொன்னேன்.

பொருளை வழிப்பயணம் தாங்கும்படி கட்டுவது அனுப்புகிறவர் பொறுப்பு. "கட்டினது நான்தான்" என்றார். எழுத்தில் கேட்டால்தான் காப்பீடு எடுக்கப்படும். இந்த வரியைத் தமிழில் சொல்லும்போது என் குரல் இறங்கிவிட்டது. அவர் என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த வரியில் விரலை வைத்தார்.

அடுத்தது இழப்பீட்டின் வரம்பு. பொருள் எதுவானாலும், சேதமான பொருளின் எடையில் கிலோவுக்கு இவ்வளவு, அதற்கு மேல் கிடையாது.

"கிலோவுக்கா?"

"ஆமா சார்."

"அரிசிக்கும் அதே, இதுக்கும் அதேவா?"

"அப்படித்தான் இருக்கு."

அவர் நகலைக் கையில் எடுத்துப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. கணக்கில் விடை வராத மாணவன் மாதிரி இருந்தது. "இது வாங்கும்போது இன்னும் கனமா இருந்துச்சும்மா. குழி விழணும்னு தேய்ச்சுத் தேய்ச்சு எடையக் குறைச்சேன். இந்தப் பேப்பர் கணக்குல, நான் வேலை செய்யச் செய்ய இதோட விலை எறங்கியிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஏதோ உறுத்தியது. ஏன் எடை? யார் இப்படி முடிவு செய்தார்கள்? கேள்வி எனக்குள்ளும் ஒட்டிக்கொண்டது. அடுத்த பத்தியைப் படித்தபோது அது பின்னால் போய்விட்டது. விமானச் சரக்கில் சேதம் இருந்தால், பொருளைப் பெற்ற நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பொருள் நல்லபடியாகச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும்.

கணினியில் பார்த்தேன். திருச்சி விமான நிலையத்தில் பெட்டியை எடுத்த தேதியிலிருந்து அன்று பதின்மூன்றாம் நாள்.

"சார், இப்பவே எழுதிக் கொடுங்க."

"எதை?"

"சேதம்னு புகார். இங்கயே உக்காந்து எழுதுங்க. நாளைக்கு வரேன்னு போயிராதீங்க."

ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தேன். எங்கள் நிறுவனத்துக்கு எதிரான புகாரை எங்கள் பேனாவால், எங்கள் மேசையில் வைத்து எழுதினார். வாங்கி, தேதி முத்திரை குத்தி, நகல் கொடுத்தேன். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கே உறைத்தது.

மாலையில் மேடம் வந்தார். நிறுவனம் அவருடையது. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். இந்தத் தொழிலில் முப்பது வருடம். தாளை நின்றுகொண்டே படித்தார்.

"இத அவரா எழுதினாரா, நீ சொல்லி எழுதினாரா?"

"நான்தான் சொன்னேன் மேடம்."

"நீ யாரு பக்கம் லா?"

என் வேலை அனுமதி இந்த நிறுவனத்தின் பெயரில் இருந்தது. "பின்னாடி எழுதியிருக்கறதத்தான் சொன்னேன் மேடம். அது நம்ம பேப்பர்தானே."

என்னை உற்றுப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி. செஞ்சது நல்லதுதான். அவர் நமக்கு எழுதினா, நாம ஏர்லைனுக்கு எழுதணும். அவங்களுக்கும் அதே பதினாலு நாள்தான். இன்னிக்கே அனுப்பு. நாளன்னிக்கு அனுப்பினா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

உடனே மின்னஞ்சல் அடித்தேன். அனுப்பி முடித்ததும் மேடம் அடுத்த கேள்வியைக் கேட்டார். "இன்சூரன்ஸ் வேணும்னு கேட்டாரா?"

"கேட்டார் மேடம்."

"எழுத்துலயா?"

"வாயால."

"நீ என்ன சொன்ன?"

"நாங்க பாத்துக்கறோம்னு சொன்னேன்."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். "நாளைக்கு அதை அப்படியே எழுதிக் கொடு. ஃபைல்ல வைக்கணும்."

அன்று இரவு பிடோக்கில் இருக்கும் எங்கள் வீட்டில் கணவரிடம் சொன்னேன். "ஞாபகமில்லன்னு எழுதிடு. யார் கேட்டா உன்ன? ரெக்கார்டா இருக்கு?" என்றார். அவருக்குப் பயம் இருந்தது, எனக்கும் இருந்தது. ஆனால் நினைவில்லை என்று எழுத முடியாத அளவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. அடித்துக்கொண்டிருந்த தொலைபேசி, அவர் கேட்ட விதம், நான் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்ன பதில். 'நாங்க பாத்துக்கறோம்' என்பதற்கு நம் பேச்சில் என்ன பொருள்? கல்யாண வீட்டில் சொல்வோம், மருத்துவமனையில் சொல்வோம். சில நேரம் அது உறுதிமொழி. சில நேரம், இப்போதைக்கு நகருங்கள் என்பதன் மரியாதையான வடிவம். நான் எந்தப் பொருளில் சொன்னேன் என்பது எனக்கே தெளிவாக இல்லை. அவர் எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டார் என்பது தெளிவாக இருந்தது.

காலையில் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். மேடம் படித்துவிட்டு, பின்பக்கத் தாளில் நான் தாண்டிப் போயிருந்த ஒரு வரியைக் காட்டினார். ஊழியர் வாயால் கொடுக்கும் உறுதி, நிறுவனம் எழுத்தில் உறுதிசெய்யாத வரை நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது.

"அப்ப நான் சொன்னதுக்கு மதிப்பே இல்லையா மேடம்?"

"இந்தப் பேப்பர்ல இல்ல. கோர்ட்டுக்குப் போனா வக்கீலுங்க வேற மாதிரி பேசலாம். ஆனா அவருகிட்ட நீ சொன்னல்ல? அது இருக்கு." தாளைக் கோப்பில் வைத்தார். "இனிமே அப்படிச் சொல்லாத. ஃபாரத்தக் கையில குடு."

எங்கே உடைந்தது என்ற கேள்வியை நான் விடவில்லை. அது அவருடைய கேள்வி. எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. ஒரு மாலை பேருந்து பிடித்துச் சாங்கி சரக்குப் பகுதியில் இருந்த எங்கள் கிடங்குக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் மலாய் அங்கிள், ஒவ்வொரு பொதியையும் விமான நிலையத்தாரிடம் ஒப்படைக்கும் முன் தன் தொலைபேசியில் படம் எடுத்துவைப்பார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. தேடி எடுத்துக் காட்டினார். எட்டு மூலையும் நேராக, நாடா பிரியாமல் நின்றது பெட்டி. மறுநாள் திருச்சியிலிருந்து வந்த இறக்குமதிக் குறிப்பைக் கேட்டு வாங்கினேன். ஒரு ஓரத்தில் கையால் எழுதியிருந்தது: ஒரு மூலை அமுங்கியுள்ளது.

அந்தப் படத்துக்கும் இந்தக் குறிப்புக்கும் நடுவில்தான் அது நடந்திருக்கிறது. அவரை அழைத்துச் சொன்னேன்.

"அப்ப நான் வேலை பாக்கற இடத்துலயோ, இல்ல அங்க எறக்கும்போதோ" என்றார். "விமானத்தோட சரக்கு அறையில தரையெல்லாம் உருளை இருக்கும்மா. பெட்டி உருண்டு வரும். மேல கனமா ஏதாவது வந்து இடிச்சிருக்கும். என் பெட்டியும் தப்புதான். உள்ள பஞ்சு வச்சேன், மூலைக்கு மரம் வைக்கல. இருபது வருஷமா அந்த அறைய ரிப்பேர் பண்றேன், எனக்குத் தோணலையே."

உடைத்த கை யாருடையது என்று தெரியவே இல்லை. ஆனால் அதற்கு மேல் அவர் அதைக் கேட்கவில்லை. இடம் தெரிந்தது அவருக்குப் போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

எடைக் கேள்விக்கு விடை மேடத்திடமிருந்து வந்தது. மதிய உணவின்போது கேட்டேன். அவர் வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்தபடியே சொன்னார்.

"ஏர்லைன்காரன் கிட்ட என்ன இருக்கு? தராசு இருக்கு. பெட்டிக்குள்ள வைரமா வைக்கோலான்னு அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சது எடை ஒண்ணுதான். தெரிஞ்சதுக்குத்தான் பொறுப்பு ஏத்துக்க முடியும். தெரியாததுக்கெல்லாம் ஏத்துக்கணும்னா, அரிசி அனுப்பறவன்கிட்டயும் வைரத்துக்கு வாடகை கேப்பான்."

"அப்ப வைரம் அனுப்பறவங்க?"

"சொல்லணும். இதோட மதிப்பு இவ்வளவுன்னு முன்னாடியே எழுதிக் கொடுத்து, கூடக் கொஞ்சம் கட்டணும். அப்ப வரம்பு உசரும். அதுக்குத்தான் அந்தக் கட்டம் இருக்கு. நீ மூணு எழுத்து போடுவியே, அந்தக் கட்டம்."

நியாயமற்றதாகத் தெரிந்த விதி, நியாயமானவர்கள் உட்கார்ந்து எழுதியது போலத் தெரிந்தது. எடை என்பது யாரும் எதுவும் சொல்லாதபோது விழும் கணக்கு. சொல்ல ஒரு கட்டம் விட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தை ஆறு வருடமாக, எவரையும் கேட்காமல், நான் மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஆனா கேக்கறதுக்கு நேரம் எங்க மேடம்? வரிசை நிக்குது."

"அதுவும் உண்மைதான்" என்றார் மேடம்.

விமான நிறுவனம் வரம்புக்கு உட்பட்டுப் பொறுப்பை ஏற்பதாகப் பதில் எழுதியது. கையெழுத்து வாங்க அவரை வரச் சொல்லியிருந்தேன். வந்தவர் நாற்காலியில் உட்காரும் முன்பே, "ஒரு விஷயம் நடந்திருக்கும்மா, அதையும் எழுதணும்" என்றார்.

அவருடைய அக்கா உடைந்த கண்ணாடியைத் தூக்கிப் போடவில்லை. பெரிய துண்டின் ஓரத்துக்கு ரப்பர் கொடுத்து, பிள்ளைகள் ஒட்டுப்பலகையில் செய்து காத்திருந்த குழாயின் அடியில் பொருத்திப் பார்த்திருக்கிறார். பள்ளி முடிந்து பொழுது சாயும் நேரத்தில் நிலவை நோக்கித் திருப்பினார்கள். நிலவு தெரிந்தது.

"பாதியா?" என்றேன்.

"முழுசா! குழியாடி உடைஞ்சாலும் ஒவ்வொரு துண்டும் முழு பிம்பமும் காட்டும்மா. வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பள்ளமெல்லாம் தெரிஞ்சுதாம். பசங்க வரிசையில நின்னு பாத்திருக்காங்க." அவர் முகத்தில் பெருமை. உடனே அது மாறியது. "ஆனா முழுசா நாசம்னு எழுதிக் கொடுத்திருக்கேனே. அது இப்ப பொய்யில்லையா? பெரிய துண்டு வேலை செய்யுது. சின்னத் துண்டோட எடைக்கு மட்டும்தான் கேக்கணுமோ?"

மேடத்தைக் கூப்பிட்டேன். உள்ளறையிலிருந்து வந்து முழுவதையும் கேட்டார். முப்பது வருடத்தில் இப்படி ஒரு கேள்வியுடன் யாரும் வந்ததில்லை என்றார்.

"சார், நீங்க அனுப்பினது ஒரு கண்ணாடி. அங்க போய்ச் சேந்தது ரெண்டு துண்டு. ஒரு பாகம் ஒடைஞ்சதால முழுப் பொருளோட மதிப்பும் போச்சுன்னா, முழு எடையும்தான் கணக்கு. உங்க அக்கா கெட்டிக்காரங்கங்கறதுக்காக ஏர்லைன் பொறுப்பு குறையாது."

"இருந்தாலும் எழுதிடறேன் மேடம். அவங்க பாத்துட்டு முடிவு பண்ணட்டும்."

எழுதினார். எழுதிய தாளை அப்படியே அனுப்பினேன். விமான நிறுவனத்தில் அதைப் படித்தவர் யாரோ, முழு எடையையும் ஏற்றுக்கொண்டு இரண்டே வரியில் பதில் போட்டார். கீழே, வழக்கத்துக்கு மாறாக, நிலவு தெரிந்தது குறித்து மகிழ்ச்சி என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அதை நான் அச்செடுத்து அவருக்குக் கொடுத்தேன்.

கிடைத்தது கிலோ கணக்கில் கிடைத்ததுதான். கண்ணாடி வட்டுக்கும் தூளுக்கும் ஈடாகியிருக்கும். ஒன்பது மாதத்துக்கு ஆகவில்லை. ஆகாது என்று அவருக்கும் தெரியும். மேடம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவரிடம் சொன்னார்: "இன்னொண்ணு செஞ்சா சொல்லுங்க. பெட்டி நாங்க செய்யறோம். அனுப்பற செலவும் எங்களோடது. ஆனா ஃபாரம் எல்லாம் ஒழுங்கா போடுவோம், ஆமா."

அவர் இன்னொன்று செய்தார். அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, நானும் கணவரும் புக்கிட் பாஞ்சாங்கில் அவர் வீட்டுக்குப் போனோம். பீப்பாய் வரவேற்பறை நடுவில் நின்றது. சோபாவைச் சுவரோடு ஒதுக்கியிருந்தார்கள். என்னைத் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். ஈரத் தூள் கண்ணாடிக்கு அடியில் மணல்போல் நெறுநெறுத்தது. சிறிது நேரத்தில் ஓசை மெலிந்து வழுவழுப்பானது. பத்து நிமிடத்தில் தோள் வலித்தது. என் கணவர் அரைமணி நேரம் விடாமல் சுற்றினார். எவ்வளவு குறைந்திருக்கும் என்று எடை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். வீட்டுத் தராசில் அது தெரியாது என்றார் அவர்.

இரண்டாவது கண்ணாடிக்கு மலாய் அங்கிள் மரச்சட்டப் பெட்டி அடித்தார். மூலைகளுக்கு இரட்டைக் கட்டை. காப்பீட்டுப் படிவத்தைக் கண்ணாடி செய்தவரே நிரப்பினார். மதிப்புக் கட்டத்துக்கு வந்ததும் நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "எவ்வளவு போடட்டும் சார்?" என்று கேட்டேன்.

அவர் நெடுநேரம் யோசித்தார். ஒருமுறை ஒரு எண் சொன்னார், மாற்றினார். பின்னால் நின்றிருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். நான் காத்திருந்தேன். கடைசியில் அவர் சொன்ன எண் எனக்குக் குறைவாகத் தெரிந்தது. ஆனால் அவருடைய பொருள், அவர் சொன்ன மதிப்பு. அதைத் தட்டினேன்.

அது முழுதாகப் போய்ச் சேர்ந்தது. பள்ளியில் இப்போது இரண்டு தொலைநோக்கிகள் இருக்கின்றன என்று கேள்வி.